நரம்பும் இயக்குநீரும்: உயிரின் இருவழி ஆட்சியும் அதனைத் தமிழில் விளக்குதலும்

முன்னுரை

மனித உடல் ஏறத்தாழ 30 இலட்சம் கோடி உயிரணுக்களால் ஆனது என்று இன்றைய உயிரியலார் கணக்கிடுகின்றனர். இவ்வணுக்கள் ஒவ்வொன்றும் உணவு ஏற்று, கழிவு நீக்கி, தனக்கென ஒரு வாழ்நாள் பெற்றிருப்பவை. எனினும் இவை அனைத்தும் ஓர் உடலாக இயங்குகின்றன. உணவைக் கண்டவுடன் வாயில் உமிழ்நீர் ஊறுவதும், ஓடும்போது இதயத் துடிப்பு மிகுவதும், நீர் அருந்தாத நாளில் சிறுநீர் குறைவதும் இவ்வொருங்கிணைப்பின் வெளிப்பாடுகளே. இதனை நிகழ்த்துவன இரண்டு. ஒன்று நரம்பு மண்டலம். மற்றொன்று, ஹார்மோன் எனவும் இயக்குநீர் எனவும் வழங்கும் பொருள்களைச் சுரக்கும் அகச்சுரப்பு மண்டலம்.

பாடநூல்கள் இவ்விரண்டையும் தனித்தனி இயல்களில் விளக்குகின்றன. கற்பித்தலின் வசதிக்காக அமைந்த இப்பகுப்பு, காலப்போக்கில் உடலிலேயே இருக்கும் பகுப்பாக மாணவர் மனத்தில் பதிந்துவிடுகிறது. உண்மையில் இவை ஒன்றையொன்று ஏவியும் அடக்கியும் ஓராட்சியாகச் செயற்படுகின்றன. இதனை எளிய சான்றுகளால் விளக்குவது இக்கட்டுரையின் முதல் நோக்கம். இவ்விளக்கத்தைத் தமிழில் தரும்போது நாம் கையாளும் சில சொற்கள் எங்கே துணை நிற்கின்றன, எங்கே தடம் மாற்றுகின்றன என்பதைக் காட்டுவது இரண்டாம் நோக்கம். தமிழாசிரியர்க்கு இதில் என்ன பங்கு என்ற வினா எழலாம். கீழ்வரும் நிகழ்வு அதற்கு விடையாகும்.

ஒரு நிகழ்வு

இக்கட்டுரையாளரின் தாய்மாமன் தோட்டத்தில் பணியாற்றி ஓய்வு பெற்றவர். பல்லாண்டுகளாக இனிப்புநீர் நோய்க்கு ஆளானவர். ஒரு கட்டத்தில் அவருடைய பாதங்கள் மரத்துப் போகத் தொடங்கின. மருத்துவர் கூறியதை உடன் இருந்த ஒருவர் தமிழில், “உங்கள் கால் நரம்பு பாதிக்கப்பட்டிருக்கிறது, ஐயா” என்று மொழிபெயர்த்தார். மாமா தம் காலை நோக்கினார். தோலின் கீழே பச்சையாகப் புடைத்து ஓடும் கோடுகளே அவருக்கு நரம்பு. ஊசி போடுபவர் கையில் தேடுவதும் அதைத்தானே! இரத்தம் ஓடாமல் நரம்பு கட்டிக்கொண்டது என்று அவர் முடிவு செய்தார். வீட்டிற்கு வந்து எண்ணெய் தேய்த்து, வறுத்த மணலைத் துணியில் முடிந்து ஒத்தடம் கொடுத்தார். மணலின் சூடு அவருக்குத் தெரியவில்லை. தோல் வெந்தது, புண்ணாயிற்று, இறுதியில் இரண்டு கால்விரல்களை இழந்தார்.

மொழிபெயர்த்தவர் பிழையாக எதுவும் கூறவில்லை. நரம்பு என்பதே உரிய சொல். மாமா புரிந்துகொண்டதும் தமிழ் வழக்கிற்கு மாறானது அன்று. ஒரே சொல் இரு வேறு உறுப்புகளைக் குறித்ததால், சரியான செய்தி தவறான செயலுக்கு வழிவகுத்தது. மலேசியாவில் 2019ஆம் ஆண்டின் தேசிய உடல்நல ஆய்வு, வயது வந்தோரில் 18.3 விழுக்காட்டினர் நீரிழிவு உடையோர் எனக் கண்டறிந்தது. 2023ஆம் ஆண்டின் ஆய்வில் இது 15.6 விழுக்காடு. 2019ஆம் ஆண்டின் ஆய்வில் இந்நோயின் விகிதம் இந்தியரிடையே மிகுந்து காணப்பட்டது. எனவே இயக்குநீர் ஒன்றின் குறைபாடு நரம்பை எவ்வாறு சிதைக்கிறது என்பது நம் இல்லங்களுக்குப் புறம்பான செய்தி அன்று.

நரம்பு: குறித்த முகவரிக்குச் செல்லும் செய்தி

மூளையில் ஏறத்தாழ 8,600 கோடி நரம்பணுக்கள் உள்ளன. நரம்பணு ஒன்றின் உடற்பகுதி கண்ணுக்குப் புலப்படாத அளவு சிறியது. ஆயினும் அதிலிருந்து கிளம்பும் இழை ஒரு மீட்டருக்கு மேலும் நீளக்கூடும். முதுகெலும்பின் அடிப்பகுதியிலிருந்து கால்விரல் வரை செல்லும் இழைகள் அத்தகையன. இவ்வாறான பல்லாயிரம் இழைகள் ஒன்றாகக் கட்டப்பட்ட கற்றையே நரம்பு. வெண்ணிறக் கயிறு போன்ற அதன் இழைகளினுள் இரத்தம் ஓடுவதில்லை.

இவ்விழை வழியே செல்வது ஒருவகை மின்மாற்றம். ஓய்வு நிலையில் நரம்பணுவின் உட்புறம் வெளிப்புறத்தை விட ஏறத்தாழ 70 மில்லிவோல்ட் எதிர்மின் தன்மை கொண்டிருக்கும். தூண்டல் நேரும்போது இழையின் சவ்வில் உள்ள நுண்வாயில்கள் திறந்து சோடிய அயனிகள் உட்புகுகின்றன. அடுத்த கணம் பொட்டாசிய அயனிகள் வெளியேறி முன்னைய நிலை மீள்கிறது. ஓரிடத்தில் நிகழும் இம்மாற்றம் அடுத்த இடத்தைத் தூண்ட, அது அதற்கடுத்த இடத்தைத் தூண்டுகிறது. கணவாய் மீனினத்தின் பருத்த நரம்பிழையைக் கொண்டு ஹாட்ஜ்கின், ஹக்ஸ்லி ஆகியோர் 1952இல் இதனைக் கணித அளவில் நிறுவினர். 1963இல் நோபல் பரிசில் பங்கு பெற்றனர்.

நரம்பை மின்கம்பிக்கு ஒப்பிடுவது வகுப்பறை வழக்கம். ஒப்புமை பயனுடையதே, அதன் எல்லையையும் கூறிவிட வேண்டும். 1850இல் ஹெல்ம்ஹோல்ட்ஸ் தவளையின் நரம்பில் செய்தியின் விரைவை அளந்தபோது, அது நொடிக்கு ஏறத்தாழ 27 மீட்டர் எனக் கண்டார். எண்ணத்தின் விரைவை அளக்கவியலாது என்று கருதப்பட்ட காலத்தில் இது பெருவியப்பாக இருந்தது. மனித உடலில் கொழுப்புறை போர்த்த பருத்த இழைகள் நொடிக்கு 120 மீட்டர் வரை செய்தியைக் கடத்துகின்றன. உறையற்ற மெல்லிழைகளோ நொடிக்கு 2 மீட்டருக்கும் குறைவான விரைவே உடையவை. காலை நிலையில் இடித்துக்கொண்டவுடன் சுரீரென்ற வலி முதலிலும், மந்தமான வலி சற்றுப் பின்னும் வருவது, முன்னதை மெல்லிய கொழுப்புறையுடைய இழைகளும் பின்னதை உறையற்ற இழைகளும் கடத்துவதால்தான்.

நரம்புச் செய்தியின் சிறப்பு அதன் முகவரி. சூடான வாணலியில் விரல் பட்டால் அந்த விரலிலிருந்து புறப்படும் செய்தி தண்டுவடத்தை அடைந்து, அங்கிருந்தே அக்கையின் தசைகளுக்கு ஆணையாகத் திரும்புகிறது. மூளை வலியை உணரும் முன்னரே கை விலகிவிடுகிறது. இம்மறிவினைக்கு முதல் தேவை, தோலிலிருந்து செய்தி புறப்படுதல். மாமாவின் பாதத்தில் அறுந்துபோனது இந்த முதற்கண்ணியே. மணலின் சூடு இருந்தது. ஏற்கும் தண்டுவடம் இருந்தது. எடுத்துச் செல்லும் இழை செயலிழந்திருந்தது. மிக நீண்ட இழைகளே முதலில் பழுதுறுவதால் நீரிழிவின் நரம்புச் சிதைவு பெரும்பாலும் பாதத்தில் தொடங்குகிறது.

இயக்குநீர்: எங்கும் பரவி, ஏற்பார்க்கு மட்டும் புலப்படும் செய்தி

19ஆம் நூற்றாண்டின் இறுதியில், உடலின் ஒருங்கிணைப்பு முழுவதும் நரம்பின் செயலே என்ற கருத்து வலுப்பெற்றிருந்தது. இரைப்பையிலிருந்து அமிலம் கலந்த உணவு சிறுகுடலுக்குள் வந்தவுடன் கணையம் செரிமான நீரைச் சுரக்கிறது. குடலிலிருந்து கணையத்திற்கு இச்செய்தியைக் கொண்டு செல்வது யாது? நரம்பே என்பது உருசிய அறிஞர் பாவ்லவின் ஆய்வுக்கூடத்தார் கொண்ட முடிவு.

1902ஆம் ஆண்டு ஜனவரியில் இலண்டன் யுனிவர்சிட்டி கல்லூரியில் வில்லியம் பேலிஸ், எர்னஸ்ட் ஸ்டார்லிங் ஆகிய இருவரும் இதனைச் சோதித்தனர். மயக்கமுறச் செய்த நாயின் சிறுகுடலில் ஒரு பகுதியைத் தேர்ந்து, அதனோடு தொடர்புடைய நரம்புகளை அறுத்தனர். இரத்தக் குழாய்களை மட்டும் விட்டுவைத்தனர். அப்பகுதியில் அமிலத்தைச் செலுத்தியபோது கணையம் வழக்கம்போலச் சுரந்தது. நரம்பு இல்லை, செய்தி மட்டும் சென்றிருக்கிறது. அவ்வாறாயின் அது இரத்தத்தின் வழியாகத்தான் சென்றிருக்க வேண்டும் என ஸ்டார்லிங் உய்த்துணர்ந்தார். குடலின் உட்சவ்வைச் சுரண்டி, அமிலமும் மணலும் சேர்த்து அரைத்து வடிகட்டி, அச்சாற்றை இரத்தத்தில் செலுத்தினர். கணையம் மீண்டும் சுரந்தது. அச்சாற்றில் இருந்த பொருளுக்குச் செக்ரிட்டின் எனப் பெயரிட்டனர். 1905இல் ஸ்டார்லிங் தம் சொற்பொழிவொன்றில், இத்தகைய பொருள்களுக்குப் பொதுப்பெயராக ஹார்மோன் என்ற சொல்லைக் கையாண்டார். ‘கிளர்ந்தெழச் செய்தல்’ என்னும் பொருள்தரும் கிரேக்க வினையிலிருந்து பிறந்தது அச்சொல்.

இயக்குநீர் செல்லும் முறை நரம்பின் முறைக்கு நேர்மாறானது. அதற்குத் தனிப்பாதை இல்லை. சுரப்பியிலிருந்து இரத்தத்தில் கலந்து உடலெங்கும் பரவுகிறது. எனில், எல்லா உறுப்பும் ஏன் அதற்குச் செவிசாய்ப்பதில்லை? வானொலி நிலையம் அனுப்பும் அலை ஊரெங்கும் பரவுகிறது. உரிய அலைவரிசையில் திருப்பி வைத்த பெட்டியில் மட்டுமே ஒலிக்கிறது. அவ்வாறே உரிய ஏற்பிகளைக் கொண்ட உயிரணுக்கள் மட்டுமே ஓர் இயக்குநீரின் செய்தியைப் பெறுகின்றன. முகவரி செய்தியில் இல்லை, பெறுவோரிடத்தில் இருக்கிறது.

கணையத்தின் மற்றொரு பணியைக் கொண்டு இதனைத் தெளியலாம். கணையத்துள் தீவுகள்போலச் சிதறிக் கிடக்கும் அணுத்திரள்களை 1869இல் லாங்கர்ஹான்ஸ் கண்டறிந்தார். அத்திரள்கள் சுரக்கும் இன்சுலினை 1921இல் டொரண்டோவில் பாண்டிங்கும் பெஸ்ட்டும் பிரித்தெடுத்தனர். 1922 ஜனவரியில் அது முதன்முதலாக நோயாளி ஒருவருக்கு மருந்தாகச் செலுத்தப்பட்டது. வளர்ந்த மனிதர் ஒருவரின் இரத்தம் முழுவதிலும் கரைந்திருக்கும் குளுக்கோஸ் ஏறத்தாழ ஒரு தேக்கரண்டி அளவே. உணவுக்குப் பின் இது உயரும்போது இன்சுலின் சுரக்கிறது. தசையும் கொழுப்புத் திசுவும் குளுக்கோஸை உள்ளிழுக்கின்றன. கல்லீரல் அதனைச் சேமிக்கிறது. அளவு குறைந்ததும் இன்சுலின் சுரப்பு தணிகிறது. குளுக்கோஸை விடுவிக்கும் குளுக்ககான் மிகுகிறது. இன்சுலின் போதாமற்போனாலோ, ஏற்கும் அணுக்கள் அதற்குச் செவிசாய்க்க மறுத்தாலோ நீரிழிவு தோன்றுகிறது. ஆண்டுக்கணக்கில் மிகுந்து நிற்கும் குளுக்கோஸ் நரம்பிழைகளையும், அவற்றுக்கு ஊட்டமளிக்கும் நுண்ணிய இரத்தக் குழாய்களையும் சிதைக்கிறது. மாமாவின் பாதம் மரத்துப்போனதன் தொடக்கம் பாதத்தில் இல்லை. கணையத்துக்கும் திசுக்களுக்கும் இடையே குலைந்த உரையாடலில் இருந்தது.

இரண்டும் ஒன்றாகும் இடங்கள்

நரம்புச் செய்தி நொடியின் ஆயிரத்தில் சில பங்கில் தோன்றி மறைவது. குறித்த உறுப்புக்கு உரியது. இயக்குநீரின் செய்தி நிமிடங்கள் முதல் ஆண்டுகள் வரை நிலைப்பது. பல உறுப்புகளை ஒருசேர ஆள்வது. இவ்வேறுபாடு உண்மையே. ஆயினும் உற்று நோக்கின், இவற்றிடையே நாம் வரையும் கோடு பல இடங்களில் அழிந்துவிடுகிறது.

முதலாவது, நரம்பும் வேதிப்பொருளைக் கொண்டே பேசுகிறது. ஒரு நரம்பணுவும் அடுத்ததும் பொதுவாக ஒட்டியிருப்பதில்லை. இடையே உள்ள இடைவெளி ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டரின் 50,000இல் ஒரு பங்கு. 1921இல் ஓட்டோ லோவி தவளைகளின் இரு இதயங்களைத் தனித்தனியே உப்புநீரில் துடிக்கவிட்டு, ஒன்றின் நரம்பைத் தூண்டினார். அதன் துடிப்பு தணிந்தது. அவ்விதயத்தில் இருந்த நீரை எடுத்து மற்றொன்றில் இட்டபோது அதுவும் தணிந்தது. இச்சோதனை முறை தமக்குக் கனவில் தோன்றியது என்றும், முதல்நாள் இரவு கிறுக்கிய குறிப்பைக் காலையில் படிக்க இயலாமற்போக, மறுநாள் இரவு மீண்டும் தோன்றியவுடன் ஆய்வுக்கூடத்திற்கு விரைந்ததாகவும் அவரே கூறியுள்ளார். நரம்பின் முனை வெளியிட்ட அப்பொருள் அசிட்டைல்கோலின் எனப் பின்னர் உறுதியாயிற்று. 1936இல் லோவியும் ஹென்றி டேலும் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டனர்.

இரண்டாவது, ஒரே பொருள் இரு பணியையும் ஆற்றுகிறது. நாரட்ரினலின் நரம்பு முனையில் வெளிப்படும்போது அண்டையில் உள்ள உறுப்புக்கு மட்டும் உரிய செய்தி. சிறுநீரகத்தின் மேல் அமர்ந்த அட்ரினல் சுரப்பியிலிருந்து இரத்தத்தில் கலக்கும்போது அதுவே இயக்குநீர். எதிர்பாராமல் நாய் குரைத்துப் பாயும்போது நரம்பு வழிச் செய்தி அட்ரினல் சுரப்பியை எட்ட, அது அட்ரினலினை வெளியிடுகிறது. நாய் விலகிச் சென்ற பின்னும் நெஞ்சு சற்று நேரம் படபடப்பதற்கு, நரம்பு ஓய்ந்தும் இரத்தத்தில் எஞ்சி நிற்கும் இயக்குநீரும் ஒரு காரணம்.

மூன்றாவதும் தலையாயதும் மூளையின் அடிப்பகுதியில் உள்ள ஹைப்போதலாமஸ். இதன் கீழே பட்டாணி அளவினதாய்த் தொங்கும் பிட்யூட்டரி, சுரப்பிகளின் தலைவன் என நெடுங்காலம் போற்றப்பட்டது. அத்தலைவனும் ஆணைக்கு உட்பட்டவனே. ஹைப்போதலாமஸின் நரம்பணுக்களே இயக்குநீரைச் சுரந்து, சிறிய இரத்தக் குழாய்கள் வழியாகப் பிட்யூட்டரியை ஏவுகின்றன. கியமான், ஷாலி ஆகிய இருவரின் குழுக்கள் தனித்தனியே போட்டியிட்டு, இலட்சக்கணக்கான ஆடுகள், பன்றிகளின் மூளைப்பகுதிகளிலிருந்து மிகச்சிறிதளவு பொருளைப் பிரித்தெடுத்து 1969இல் இதனை ஐயமற நிறுவின. இருவரும் 1977இல் நோபல் பரிசில் பங்கு பெற்றனர். நரம்பணு இயக்குநீரைச் சுரக்குமாயின், அது நரம்பு மண்டலத்தைச் சார்ந்ததா, அகச்சுரப்பு மண்டலத்தைச் சார்ந்ததா என்ற வினாவே பொருளற்றதாகிறது.

தாய் குழந்தைக்குப் பாலூட்டுவதை இதற்கு உவப்பான சான்றாக வகுப்பில் கூறலாம். குழந்தையின் வாய் படும் தொடுகை நரம்பு வழியாகத் தாயின் மூளையை அடைகிறது. அங்குள்ள நரம்பணுக்கள் ஆக்சிடோசினை இரத்தத்தில் விடுகின்றன. அது மார்பகத்தின் நுண்தசைகளைச் சுருக்கப் பால் வெளிப்படுகிறது. செய்தி நரம்பாகச் சென்று இயக்குநீராகத் திரும்புகிறது. குழந்தையின் அழுகுரல் கேட்ட அளவிலேயே தாய்க்குப் பால் சுரப்பதும் இவ்வழியேதான்.

இவ்வாட்சியில் ஆணையிடுவோரும் கட்டுப்பாட்டிற்கு உரியோரே. குளிர்சாதனப் பெட்டி போதிய குளிர் வந்தவுடன் தானே ஓய்வதுபோல, தைராய்டுச் சுரப்பியின் இயக்குநீர் போதிய அளவு மிகுந்ததும் அதுவே ஹைப்போதலாமஸையும் பிட்யூட்டரியையும் அடக்கித் தன் சுரப்பைக் குறைத்துக்கொள்கிறது. உணவில் அயோடின் இல்லையெனில் தைராய்டு இயக்குநீர் உருவாவதில்லை. அடக்குவார் இன்மையால் பிட்யூட்டரியின் ஏவல் ஓயாது தொடர்கிறது. ஓயாத ஏவலால் சுரப்பி பருத்துக் கழுத்துக் கழலையாகிறது.

இவற்றின் பின்னணியில் 1902ஆம் ஆண்டின் சோதனையை மீண்டும் நோக்குதல் தகும். பேலிஸும் ஸ்டார்லிங்கும் வென்றனர்; பாவ்லவ் தோற்றார் என்று கதையை முடித்துவிடுவது எளிது. கணையம் செக்ரிட்டினால் தூண்டப்படுகிறது என்பது போலவே, உணவைக் கண்டும் நுகர்ந்தும் எழும் நரம்புச் செய்தியாலும் தூண்டப்படுகிறது என்பதும் உண்மை. இன்சுலின் சுரப்பிலும் நரம்பின் ஏவலும் அடக்கமும் உண்டு. ஒரே உறுப்பை இருவழியும் ஆள்கின்றன. அறிவியல் வரலாறு இருதரப்பையும் ஏற்றுக்கொண்டே முன்னேறியது.

நரம்பிலா உயிர்கள்

நரம்பு இன்றியும் உயிர்கள் ஒருங்கியங்குவதைத் தாவரங்கள் காட்டுகின்றன. செடி ஒளியை நோக்கி வளைவதற்குக் காரணமான ஆக்சின் என்னும் வளரூக்கியை 1920களில் வெண்ட் நிறுவினார். தொட்டாற்சுருங்கி இலை மடக்குவதில் மின்மாற்றமும் பங்கு பெறுகிறது. ஆயினும் அதற்கு நரம்போ தசையோ இல்லை. நீர் இடம்பெயர்வதால் காம்படியின் அணுக்கள் தளர, இலை மடிகிறது.

இந்நாட்டுத் தமிழர்க்குத் தாவர இயக்குநீர் புதியது அன்று. பெயர் மட்டுமே புதிது. பழுத்த பழம் அருகிருக்கக் காய் விரைந்து பழுப்பதற்குக் காரணம் எத்திலீன் என்னும் வளிமநிலை இயக்குநீர். மலாயா ரப்பர் ஆய்வுக் கழகத்தின் ஆய்வுகளையொட்டி, 1960களின் இறுதி முதல் பால்மரத்தின் வெட்டுப்பட்டையருகே பூசப்பட்ட எத்தெபோன் என்னும் மருந்து மரத்தினுள் இந்த எத்திலீனையே வெளியிடுகிறது. பால்குழாய்கள் விரைவில் அடைபடாமல் பால் நெடுநேரம் வடிகிறது. அம்மருந்தைப் பூசிய தோட்டப் பெற்றோரின் பிள்ளைகளுக்கு இயக்குநீர்ப் பாடத்தை அங்கிருந்தே தொடங்கலாம்.

சொற்களும் விளக்கமும்

இனிச் சொற்களைக் காண்போம். நரம்பு என்பது தமிழில் நெடிய வரலாறுடைய சொல். யாழின் நரம்பு, இலையின் நரம்பு, தசையை எலும்போடு பிணைக்கும் நாண், தோலின் கீழ்த் தெரியும் இரத்தக் குழாய், மூளையோடு தொடர்புடைய இழை என இழையும் நாளமுமான பலவற்றை அது குறித்து வந்துள்ளது. நீளமாய், மெல்லியதாய், இழுத்துக் கட்டியது போல் இருத்தல் என்பதே இவற்றின் பொதுத்தன்மை. இது தமிழின் குறை அன்று. கிரேக்கத்தில் நியூரோன் என்பதும் முதலில் தசைநாணையும், வில் நாணையும், யாழ் போன்ற கருவியின் நரம்பையும் குறித்தது. கி.மு. 3ஆம் நூற்றாண்டில் அலெக்சாண்ட்ரியாவின் மருத்துவர்கள் உடலை அறுத்துப் பார்த்து வேறுபாடு கண்ட பின்னரே அதன் பொருள் வரையறை பெறத் தொடங்கியது. மலாய் மொழியிலும் உராட் என்பது நாணுக்கும் இரத்தக் குழாய்க்கும் நரம்புக்கும் பொதுவாக வழங்குகிறது. ஐயம் நீங்க உராட் சாராஃப் என அடைகொடுத்து நரம்பைச் சுட்டுகின்றனர்.

நாமும் அடைகொடுத்துப் பிரிக்கலாம். ஊசி ஏற்றுவதற்குரியதை இரத்தக் குழாய் என்றும், தசையை எலும்போடு இணைப்பதைத் தசைநாண் என்றும் தவறாது கூறி, நரம்பு என்பதை உணர்ச்சியையும் ஆணையையும் கடத்துவதற்கே உரியதாக்க வேண்டும். நோயாளியிடம் பேசுங்கால் ‘உணர்ச்சி நரம்பு’ என ஓர் அடையைச் சேர்த்தால் போதும். சித்த மருத்துவத்தில் எழுபத்தீராயிரம் எனப்படும் நாடிகளை நரம்புகளோடு ஒன்றாக்கி விளக்குவதும் தவிர்க்கத்தக்கது. அது வேறொரு கோட்பாட்டிற்கு உரிய கலைச்சொல். அதன் இடத்தில் வைத்தே அதனைக் கற்பித்தல் முறை.

அடுத்தது ‘நாளமில்லாச் சுரப்பி’. தமிழகப் பாடநூல்களில் நிலைபெற்ற இச்சொல், சுரந்த நீரை வெளியேற்றும் தனிக்குழாய் இல்லாதது என்னும் பொருளது. உமிழ்நீர்ச் சுரப்பிக்கு அத்தகைய குழாய் உண்டு, தைராய்டுக்கு இல்லை. ஆனால் நாளம் என்பதை மாணவர் இரத்த நாளம் என்ற தொடரில்தான் மிகுதியும் அறிவர். ஆகவே இச்சுரப்பியில் இரத்தக் குழாய் இல்லை என்று அவர்கள் கொள்ள இடமுண்டு. உண்மையோ நேர்மாறானது: சுரந்ததை இரத்தத்திலேயே கலக்க வேண்டியிருப்பதால் இச்சுரப்பிகள் இரத்தக் குழாய்கள் செறிந்தவை. இலங்கை வழக்கான கானில்சுரப்பி இக்குழப்பத்திற்கு இடம் தருவதில்லை. எனினும் கான் என்னும் சொல் இப்பொருளில் நம் மாணவர்க்குப் பழக்கமற்றது. இல்லாத ஒன்றைச் சொல்லிப் பெயரிடுவதினும், நிகழ்வதைச் சொல்லும் அகச்சுரப்பி என்பதே பொருத்தமாகத் தோன்றுகிறது.

மூன்றாவது ‘இயக்குநீர்’. வழங்குவதற்கு எளிய, அழகிய சொல். இருப்பினும் இரண்டு எச்சரிக்கைகள் தேவை. நீர் என்றதும் வடியும் திரவம் நினைவில் எழுகிறது. இயக்குநீரோ இரத்தத்தில் மிக நுண்ணிய அளவில் கரைந்திருக்கும் மூலக்கூறு. எத்திலீன் போன்றது வளிமமாகவும் இருக்கும். இயக்கு என்றதும் தூண்டுதல் மட்டுமே புலப்படுகிறது. அடக்கும் இயக்குநீர்களும் உள்ளன. பின்னைய இடர்ப்பாடு ஹார்மோன் என்ற மூலச்சொல்லுக்கும் உண்டு. ஆங்கிலேய அறிஞர் ஷேஃபர் இதனைச் சுட்டி, அடக்குவனவற்றுக்கு வேறு பெயர் வழங்க முன்மொழிந்தார். அறிஞருலகம் அதனை ஏற்காது ஹார்மோன் என்பதன் பொருளையே விரித்துக்கொண்டது. நாமும் இயக்குநீரைக் கைவிட வேண்டியதில்லை. விளக்கத்தோடு வழங்கினால் போதும்.

இச்சொற்சிக்கல் நமக்கு முன்னோடி இல்லாததன்று. 1847இல் யாழ்ப்பாணம் வந்த அமெரிக்க மருத்துவர் சாமுவேல் கிறீன் மானிப்பாயில் தமிழிலேயே மருத்துவம் கற்பித்தார். உடலமைப்பு நூல்களை மாணவர் துணையோடு தமிழாக்கினார். உடலியங்கியல் பற்றிய ‘மனுஷ சுகரணம்’ 1883இல் வெளிவந்தது. ஹார்மோன் என்ற சொல் பிறப்பதற்கு 22 ஆண்டுகளுக்கு முன்னர் வந்த நூல் அது. அக்காலத்து அறிவின் எல்லைவரை தமிழ் சென்றது. எல்லை நகர்ந்தபோது சொற்களும் நகர வேண்டியிருந்தது. அப்பணி தொடர்ச்சியாக நடைபெறவில்லை என்பதும், தமிழகம், இலங்கை, மலேசியா ஆகிய மூன்று இடங்களிலும் வெவ்வேறு சொற்கள் வழங்குகின்றன என்பதும் நாம் ஏற்க வேண்டிய நிலை.

மலேசியத் தமிழ்ப்பள்ளிகளில் 2003இல் அறிவியல் ஆங்கிலத்திற்கு மாறியதும், அக்கொள்கையைக் கைவிடும் முடிவு 2009இல் அறிவிக்கப்பட்டதும் ஆசிரியர் அறிந்தவை. தொடக்கப்பள்ளியில் தமிழில் அறிவியல் பயிலும் மாணவர் இடைநிலைப்பள்ளியில் சாராஃப் என்றும் ஹோர்மோன் என்றும் அதனை எதிர்கொள்கின்றனர். தமிழில் கருத்து தெளிவாக ஊன்றப்பட்டிருந்தால் புதிய சொல் மற்றொரு பெயராக மட்டுமே அமையும். கருத்து மங்கலாக இருந்தால், பிற மொழியில் கற்றது பள்ளிக்கும் தமிழ் வீட்டுக்கும் எனப் பிரிந்துவிடும். பள்ளியில் நரம்பு ஒன்று. தாத்தாவின் காலில் நரம்பு வேறொன்று. இப்பிளவின் விலையை ஒருவர் தம் விரல்களால் செலுத்தியதை மேலே கண்டோம்.

முடிவுரை

உயிரின் ஒருங்கிணைப்பு விரைந்து செல்லும் தனிச்செய்தியாலும், பரந்து செல்லும் பொதுச்செய்தியாலும் நிகழ்கிறது. நரம்பு இயக்குநீரை ஏவுகிறது. இயக்குநீர் நரம்பைக் காக்கிறது. ஒன்றின் குலைவு மற்றொன்றின் சிதைவாகிறது. ஆகவே இரு இயல்களையும் கற்பித்து முடித்தபின், பாலூட்டல், அச்சம், நீரிழிவு ஆகிய மூன்றில் ஒன்றையேனும் எடுத்து இரண்டையும் ஒருங்கே விளக்குவது நன்று.

சொல்லளவில் ஆசிரியர் செய்யக்கூடியவை சில. இரத்தக் குழாயை நரம்பு என மாணவர் கூறுமிடத்து அதனை ஏளனம் செய்யாது, சொல்லின் பழம்பொருளைக் கூறிப் புதிய வரையறையைத் தருதல். அகச்சுரப்பி என்பதைப் பொதுவழக்காக்குதல். மலாய், ஆங்கிலச் சொற்களைத் தமிழ்ச் சொல்லோடு இணைத்துக் காட்டுதல். இவற்றுக்குப் புதிய நூலோ நிதியோ தேவையில்லை.

மாமாவுக்கு இவை அனைத்தையும் பின்னொரு நாள் அவர் வீட்டு அஞ்சடியில் அமர்ந்து விளக்க நேர்ந்தது. பொறுமையாகக் கேட்டவர், “இதை முதலிலேயே சூடு தெரிகிற நரம்பு என்று சொல்லியிருக்கலாமே, ஐயா” என்றார். கலைச்சொல்லாக்கத்தில் நெடுநாள் ஈடுபட்டோர்க்கும் அது நல்ல பாடம்.